பக்கத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய் சிகிச்சை: வழிகாட்டு நெறிப்படி போகிறதா என்று பார்ப்பது எப்படி?

மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் யாருக்காவது புற்றுநோய் என்றால் முதலில் பேச்சில் வருவது பரேல் டாட்டா ஆஸ்பத்திரிதான். அங்கே கூட்டம் தெரிந்ததுதானே! அதனால் கீமோவை வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்பவர்கள் நிறைய. தாராளமாகச் செய்யலாம். எங்கே போனாலும் சிகிச்சை ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் டாட்டா நினைவு மையம் முன்னின்று, 2012இல் தேசியப் புற்றுநோய் கிரிட் என்ற ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பு உருவானது. எந்த ஸ்டேஜுக்கு என்ன சிகிச்சை என்று சொல்லும் அதன் வழிகாட்டு நெறிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மார்பகப் புற்றுநோயை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ஃபைல்

பயாப்சி (கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் பரிசோதனை) ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். பயாப்சி செய்த லேபில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துணுக்கு) ஸ்லைடுகளையும் (அதைச் சீவி வைத்த கண்ணாடித் தகடுகள்) கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் ஸ்லைடைத் தாங்களே திரும்பப் பார்ப்பார்கள்.

படி 2: மூன்று விவரங்கள்

என்ன வகை, எந்த ஸ்டேஜ், ஈஆர்–பிஆர்–ஹெர்2 முடிவு (ஈஆர், பிஆர் என்பவை கட்டியில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 ஒரு புரதம்) என்ன? இவை தெரியாமல் நெறியில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்றே புரியாது.

ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை உண்டு, குறைந்தது 5 ஆண்டுகள். கீமோ முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விடக்கூடாது. ஹெர்2வில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால்தான் சிக்கல்: இரண்டிலும் சேராது, ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்துதான் முடிவுசெய்ய வேண்டும். கொஞ்சம் செலவாகும் என்று இதைத் தள்ளிப்போட்டால், ஹெர்2 பாசிட்டிவ் என்றால் தேவைப்படும் ட்ராஸ்டுசுமாப் ஊசியே கிடைக்காமல் போகலாம். அந்த ஊசிக்கு முன்னால் இதய எக்கோ கட்டாயம். ஊசி போடும் காலத்திலும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும்.

படி 3: ஒப்பிடுங்கள்

உங்கள் ஸ்டேஜுக்கு உரிய பக்கத்தை எடுத்து, விட்டுப்போனது எது, கூடுதலாகச் செய்தது எது என்று பாருங்கள். வேறு தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்ப ஸ்டேஜில், நோய் உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படாது. எழுதிக் கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

படி 4: டாக்டரிடம் கேளுங்கள்

"கூகுளில் பார்த்தேன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "ட்யூமர் போர்டு மே டிஸ்கஸ் ஹுவா க்யா, டாக்டர்?" (ட்யூமர் போர்டில் பேசினீர்களா?) என்று கேளுங்கள். அறுவை, கீமோ, ரேடியேஷன் டாக்டர்களும் பயாப்சி பார்ப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதுதான் ட்யூமர் போர்டு. நெறியிலிருந்து விலகினாலே தப்பு என்று நினைக்க வேண்டாம். இதயம் பலவீனம், கிட்னி கோளாறு, வயது என்று நியாயமான காரணங்கள் இருக்கும். அந்தக் காரணம் ஃபைலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கணக்கில், கேள்விக்குக் கோபப்படும் டாக்டரைவிட, எழுதித் தர மறுக்கும் டாக்டரிடம்தான் அதிக கவனம் தேவை.

படி 5: இரண்டாவது கருத்து

வேண்டும் என்றால் முதல் கீமோவுக்கோ அறுவைக்கோ முன்பே வாங்குங்கள். முதலில் அறுவையா, கீமோவா என்பதை அதற்கு அப்புறம் மாற்ற முடியாது. போகும்போது ஃபைலோடு பிளாக்கையும் எடுத்துப் போங்கள்.