முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி பிசியோ ஒருவர், ஏசிஎல் (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிவைக்கும் லிகமென்ட், அதாவது நார்) ஆபரேஷன் முடிந்து 3 நாள் ஆன ஒரு பையனின் முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகிவிட்டு, "இப்ப வலி பரவாயில்லையா?" என்று கேட்டார். பையன் நிம்மதியாகச் சிரித்தான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பல வருஷங்களுக்கு முன் இதே வேலையைச் செய்தவன் நான். மாத்திரையை விடுவது, பயிற்சிக்கு மட்டம் போடுவது எல்லாம் ஊரறிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லா லிகமென்டும் ஒன்றுதான் என்று நினைப்பது

முழங்காலின் உள்பக்கமுள்ள எம்சிஎல் மூட்டுக் குழிக்கு வெளியே, நல்ல ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, அதன்மேல் தழும்பு வளர்ந்து, பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே சேர்ந்துவிடும். ஏசிஎல் இருப்பது மூட்டுக்குள். அங்கே ஊறும் திரவம் ரத்தத்தை உறைந்து நிற்க விடுவதில்லை. அறுந்த முனைகள் ஒட்ட ஒரு பிடிமானம் கிடைப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலும் அதைத் தைக்காமல், பின்தொடைத் தசைநாணையோ முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணில் ஒரு பட்டையையோ எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு இழுத்துப் பொருத்துகிறார்கள். இதுதான் கிராஃப்ட்.

வீக்கத்தோடு ஆபரேஷனுக்கு ஓடுவது

வீக்கம் வடியட்டும், காலை முழுதாக நீட்ட வரட்டும், அப்புறம் ஆபரேஷன். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து மூட்டுக்குள் சிக்கிக் காலைப் பூட்டியிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

தலையணை

வீங்கிய முழங்காலைச் சுமார் 30 டிகிரி மடக்கினால் மூட்டுக்குள் இடம் கூடும், அழுத்தம் குறையும். தலையணை வைத்ததும் சுகமாக இருப்பது அதனால்தான். ஆனால் இரவெல்லாம் அப்படியே கிடந்தால் பின்பக்க மூட்டுறை மெல்லச் சுருங்குகிறது. முன்பக்க இடுக்கில் தழும்புத் திசு முடிச்சுப் போலத் திரண்டுவிட்டால் இன்னும் மோசம். மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப் கேமராவில் ஒற்றைக் கண் மாதிரி தெரிவதால், கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கன் பெயரில் அதற்கு சைக்ளோப்ஸ் என்றே பெயர். கதவிடுக்கில் கல் மாட்டிய கதைதான்; எவ்வளவு அழுத்தினாலும் கால் நீளாது.

நீட்டுவதில் 5 டிகிரி குறைந்தால் என்ன என்று கேட்பார்கள். காலை முழுதாக நீட்டி நின்றால் எலும்பே பாரத்தைத் தாங்கிவிடும். கொஞ்சம் மடங்கி நின்றால் முன்தொடைத் தசைதான் தாங்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தசை ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்புறம் நொண்டல் வரும், சில்லுக்கு முன்னால் வலி வரும்.

நான் தலையணை வைத்துவிட்டவர் ஒரு கோல்கீப்பர். பிசியோவே வைக்கிறார் என்று வீட்டிலும் வைத்துக்கொண்டார். 6 வாரம் கழித்து அவர் கால் 120 டிகிரி மடங்குகிறது என்று பெருமையாகக் குறித்தேன். நீள்கிறதா என்று பார்க்கவேயில்லை. என் சீனியர் வந்து அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். ஒரு குதிகால் மற்றதைவிட நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. விரலை வைத்து அளந்து காட்டிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் அந்தத் தழும்பை எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆனது. இன்றைக்கும் தலையணையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது அவரால்தான்.

சரி, என்ன செய்வது? டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கட்டும். 10 நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. இதில் சுகம் கிடையாது. அன்று நான் தலையணையை உருவித் துண்டை வைத்ததும் பையன் என்னை முறைத்தான்.

வலி போனதும் ஆறிவிட்டதென்று நம்புவது

பொருத்திய கிராஃப்டில் முதலில் பழைய செல்கள் சாகின்றன. அப்புறம் புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, புது செல்கள் குடியேறி, நாண் மெல்ல லிகமென்டாக மாறுகிறது. இது முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இந்த மாற்றத்தின் நடுவே, முதல் 2, 3 மாதங்களில்தான் கிராஃப்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். வலி போய், "ஓடிப் பார்க்கட்டுமா?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பிப்பதும் சரியாக அப்போதுதான். திரும்பி வெட்டி ஓடும் விளையாட்டுகளுக்கு 9 மாதமாவது பொறுங்கள். முன்தொடையின் பலமும் மற்றக் காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

எம்ஆர்ஐயைக் காட்டி "விளையாடலாமா" என்று கேட்பது

படத்தில் பலம் தெரியாது.

நல்ல காலை மறப்பது

அந்தக் காலின் ஏசிஎல்லும் அறலாம்.