விளாதிமிர்: ‘உலகை ஆள்பவன்’ என்று எழுதுவதற்கு முன்

விளாதிமிர் என்ற பெயருக்கு ‘உலகை ஆள்பவன்’ என்று பொருள் தராத குழந்தைப் பெயர்ப் பட்டியலைக் காண்பது அரிது. முதல் தவறே அதுதான். பெயரின் முற்பாதியில் ஐயமில்லை. அது ஆளுதல், ஆட்சி என்னும் பொருளுடைய ஸ்லாவிய வேர். சிக்கல் பிற்பாதியில் இருக்கிறது. இன்றைய ரஷ்ய மொழியில் ‘மிர்’ என்னும் ஒரே ஒலி உலகத்தையும் அமைதியையும் குறிப்பதால், ரஷ்யர்களே இப்பெயரை அவ்வாறு பிரித்துப் பொருள் கொள்கிறார்கள். 1860இல் தோன்றிய விளாதிவஸ்தோக் நகரின் பெயரும் ‘கிழக்கை ஆள்’ என்று விரிவதால், அந்த எண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது.

ஆனால் கீவ் நாட்டின் பழைய நாளாகமங்களில் இப்பெயர் ‘வொலொதிமேர்’ என்றே காணப்படுகிறது. அதன் ஈற்றில் நிற்பது ‘யாத்’ என்னும் பழைய உயிரெழுத்து. உலகத்தையோ அமைதியையோ குறிக்கும் சொல்லில் அந்த எழுத்து வராது. இந்த ‘மேர்’ பெருமை, புகழ் என்னும் பொருளுடையது. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘மேர்ஸ்’ என்றால் புகழ்பெற்ற என்று பொருள். போலந்து மொழியில் இப்பெயர் இன்றும் ‘மியெஷ்’ என்றே முடிந்து, பழைய எகர ஒலியைக் காத்து வைத்திருக்கிறது. ஆகவே ‘ஆட்சியில் பெருமை உடையவன்’ என்பதே வேருக்கு நெருங்கிய பொருள். 1918ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ரஷ்யாவில் இப்பெயரை ‘உலகம்’ என்ற சொல்லுக்குரிய எழுத்தால் எழுதினார்கள் என்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. அது நாளாகமங்களுக்குப் பிந்திய வழக்கு. பெயரின் பிறப்புக்குச் சான்றாகாது.

இதை ரஷ்யப் பெயர் என்று மட்டும் குறிப்பதும் சரியன்று. 889 முதல் 893 வரை பல்கேரியாவை ஆண்ட விளாதிமிர் ராசாத்தே, கீவ் இளவரசர் விளாதிமிருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியவர். உக்ரேனியர்கள் ‘வொலொதிமிர்’ என்பார்கள். அவர்களுடைய பெயரை ரஷ்ய வடிவத்தில் எழுதுவது பிழை மட்டுமன்று, இன்றைய நிலையில் அவமதிப்பாகவும் கொள்ளப்படும். கிறித்தவப் பெயர் என்பதும் பாதி உண்மைதான்: 988இல் திருமுழுக்குப் பெற்றபோது கீவின் விளாதிமிருக்கு வசீலி என்னும் வேறு பெயர் இடப்பட்டது. பின்னாளில் அவர் புனிதராகப் போற்றப்பட்ட பிறகே பழைய பெயர் தேவாலயத்துக்குள் நுழைந்தது.

டென்மார்க் அரசர்கள் தாங்கிய வால்டெமார் என்னும் பெயரை மூலமாகக் கொண்டு ஸ்லாவியப் பெயரை அதிலிருந்து வருவிப்பவர்களும் உண்டு. 1131இல் பிறந்த முதலாம் வால்டெமாருக்கு அப்பெயர் வாய்த்தது, தாயின் பாட்டனாரான கீவின் விளாதிமிர் மொனொமாஹ் வழியாகத்தான்.

வீட்டில் அழைக்கும் பெயர் வொவா அல்லது வொலோத்யா. ‘விளாத்’ பெரும்பாலும் விளாதிஸ்லாவ் என்னும் வேறு பெயரின் சுருக்கம். லெனினைக் குறிக்கும் விளாதிமிர் இலியீச் என்பதில் இலியீச் குடும்பப் பெயரன்று. ‘இலியாவின் மகன்’ என்னும் தந்தைவழிப் பெயர். அவருடைய குடும்பப் பெயர் உல்யானவ். நம் ஊரில் பிள்ளைகளுக்கு இடும் ‘லெனின்’ அவர் பிற்காலத்தில் சூடிக்கொண்ட புனைபெயர்.

தமிழில் ‘விளாடிமிர்’ என்ற எழுத்துக்கூட்டல் ஆங்கிலம் வழியாக வந்தது. ரஷ்ய ஒலி பல்லில் பிறப்பது என்பதால் டகரத்தைவிடத் தகரமே நெருக்கமானது. அழுத்தமும் நடு அசையில், ‘தி’யில்தான் விழுகிறது.