தாம்பரம் தாண்டி வீடு, கிண்டியில் வேலை: போகவர எப்படித் திட்டமிடுவது?

வாடகை கட்டுப்படியாகாமல் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தள்ளிப்போகிறவர்கள் முதலில் கேட்பது "ரயிலில் எவ்வளவு நேரம்?" என்பதைத்தான். ரயில் பெரிய பிரச்சினையே இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ், இந்த இரண்டு முனையிலும்தான் நேரமும் காசும் கரையும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நிற்கிற நேரத்தை எந்த மேப்பும் காட்டாது.

தினமும் ரயில் என்றால் மாத சீசன் எடுத்துவிடுங்கள், கியூ மிச்சம். காலியாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அபராதமே குறைந்தது 250 ரூபாய், டிக்கெட் காசு தனி.

இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டம். கிண்டிக்காரர்கள் பழவந்தாங்கலிலேயே வாசல் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "கிண்டியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் அவரே உடம்பைத் திருப்பி வழிவிடுவார். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து பரங்கிமலையில் ஏறுகிற கூட்டம் உங்களை மறுபடி உள்ளே தள்ளப் பார்க்கும். வடபழனி, கோயம்பேடு போகிறவர்கள் பரங்கிமலையிலேயே இறங்கி மெட்ரோ மாறலாம், தேனாம்பேட்டை, எல்.ஐ.சி. பக்கம் என்றால் கிண்டியில்.

பஸ்ஸுக்கு வருவோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. முன்னும் பின்னும் பிங்க் அடித்திருந்தால் தைரியமாக ஏறலாம். ஆண்கள் 1,000 ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏசி தவிர மற்ற மாநகர பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஒரு நாளைக்கு 40 ரூபாய்க்கு மேல் ஆகிறவர்களுக்கு லாபம், அதற்குக் கீழே என்றால் சில்லறையே போதும்.

பள்ளிக்கூடம் மட்டும் வீட்டுப் பக்கமே இருக்கட்டும். நல்ல பள்ளி என்று பிள்ளையையும் கிண்டிவரை இழுத்துப்போனால் மாலை இருவர் நேரமும் ஒத்துவராது, குழந்தை கேட் அருகே காத்துக்கிடக்கும். பஸ்ஸில் அனுப்புகிற வயது வந்துவிட்டால், அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ என்றால், இலவச பாஸை பள்ளியிலேயே கேட்டு வாங்கலாம். ஜூனில் புதுப் பாஸ் வர நாளாகும், அதுவரை சீருடையே போதும் என்று அரசு ஒவ்வொரு வருஷமும் சொல்கிறது. இருந்தாலும் பழைய பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எந்தத் திட்டமும் குலையலாம். சைதாப்பேட்டை அரங்கநாதன் சப்வே மாதிரி இடங்களில் தண்ணீர் நின்றால் அடைத்துவிடுவார்கள், பஸ் சுற்றிக்கொண்டு போகும். தண்டவாளத்திலும் தண்ணீர் என்றால் ரயிலும் நிற்கும். அந்த மாதிரி நாளில் உங்களால் வரமுடியாவிட்டால் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போவார் என்று பக்கத்து வீட்டிலோ கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மாவிடமோ செப்டம்பரிலேயே பேசி, அவர் பெயரையும் போன் நம்பரையும் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாரென்று தெரியாதவரிடம் வாட்ச்மேன் பிள்ளையை விடமாட்டார்.