உள்வாங்கிய பேவர் பிளாக்கை எடுத்துப் பதிப்பது எப்படி

கல் இறங்கிய இடத்தில் ஒரு சட்டி மணலைக் கொட்டித் திரும்ப அடுக்கினால், ஐப்பசி மழைக்கு அதே இடம் மறுபடி குழியாகும். அடிமண் போன வழி அடைபடவில்லையே! புதுச்சேரி, கடலூர் கடலோர மணலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வேலையைத் தை முதல் ஆடிக்குள் முடிப்பது நல்லது.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் நேராகக் கல்மேல் கொட்டுகிறதா? சித்திரை வெயிலிலும் அடியில் ஈரமா? அப்படியென்றால் குழாய்க் கசிவு. சம்ப், செப்டிக் டேங்க் ஓரமென்றால் தோண்டிய குழியைக் கெட்டிக்காமல் மூடியிருப்பார்கள். பெருச்சாளி வளையும் உண்டு. அதை ஜல்லி கான்கிரீட்டால் அடையுங்கள்.

பள்ளத்துக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி வரை கல்லை எடுக்க வேண்டும். முதல் கல்லை இருபுறமும் தட்டை ஸ்க்ரூடிரைவர் கொடுத்துத் தூக்குங்கள். மற்றவை கையோடு வரும். வரிசைக்குச் சாக்பீஸில் எண் போடுங்கள்.

நல்ல கற்களின் மேல்மட்டத்தில் நூல் கட்டுங்கள். 60 மி.மீ. தடிமன் கல்லுக்கு, கெட்டித்த அடித்தளம் நூலிலிருந்து 10 செ.மீ. கீழே நிற்க வேண்டும். குறைகிற உயரத்தை வெட் மிக்ஸால் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது) நிரப்புங்கள், மணலால் வேண்டாம். லேசாக நனைத்து, 3 அங்குலத்துக்கு ஒருமுறை திமிசுக் கட்டையால் இடியுங்கள். நடக்கிற இடத்துக்கு 4 அங்குல அடித்தளம் போதும். கார் ஏறினால் 6 முதல் 8. வெறும் கடல்மணல் தரையென்றால் அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள், ஜல்லி புதையாது.

அதன்மேல் கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட். பூச்சு மணலும் கிரஷர் பவுடரும் தண்ணீரைப் பிடித்துச் சேறாகும். கடற்கரை மணலில் உப்பு, கல் வெள்ளை பூக்கும். நூலிலிருந்து 5.5 செ.மீ. கீழே மட்டப்பலகையால் இழுத்துவிடுங்கள், மிதிக்காதீர்கள். 4-க்கு 5 அடி இடத்துக்குச் சுமார் 3 கன அடி பிடிக்கும். இப்போது கல் 5 மி.மீ. தூக்கலாகத் தெரியும், பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து அழுத்தும் இயந்திரம்), சின்ன இடமென்றால் பலகை வைத்துச் சுத்தியலால், தட்டினால் மட்டத்துக்கு வந்துவிடும். சுவரிலிருந்து வெளியே 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இடுக்கில் நன்றாகக் காய்ந்த சன்ன மணலைப் பெருக்கித் தள்ளி, மறுபடி தட்டி, மறுபடி நிரப்புங்கள். சிமென்ட் கலவை வேண்டவே வேண்டாம்: வண்டி ஏறும்போது கல் அசைந்துகொடுக்கும், கலவை வெடித்து அந்த வழியே தண்ணீர் இறங்கும். ஓரத்தில் கர்ப் கல் இல்லையென்றால் கான்கிரீட் வரம்பு கட்டாயம். 60 மி.மீ. கல்மேல் தண்ணீர் லாரியை ஏற்றாதீர்கள். ஒரு மாதம் கழித்து இடுக்கு மணலை இன்னொரு முறை நிரப்புங்கள்.