சப்வூஃபர் லெவல் வைப்பது எப்படி: முதலில் பெட்டியின் நாப், அப்புறம்தான் ரிசீவர்

புதிதாக ஹோம் தியேட்டர் வைத்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். பேஸுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டியான சப்வூஃபர் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். இல்லையென்றால் படத்தில் யாராவது கதவைச் சாத்தினாலே நம் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். உடனே "பெட்டி சரியில்லை" என்று மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு லெவலைச் சரியாக வைத்தாலே போதும் என்பது என் அனுபவம்.

பெங்களூரு அடுக்குமாடி ஹாலை மனதில் வைத்தே எழுதுகிறேன். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், நமக்குக் கீழே ஒரு குடும்பம். கேபிள் எல்லாம் சொருகி ரிசீவரை (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஆன் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இடம்

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே "கும்"மென்ற குழப்பமும் கூடும். 4 மீட்டர் நீள ஹாலில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸில் ஒரு வீக்கம் வந்தே தீரும். கான்கிரீட் சுவர் அதை வெளியே விடாது. ஒரு பழைய உத்தி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். அப்புறம் சுவரோரமாக மண்டியிட்டு ஊர்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பெட்டியின் பின்பக்கம்

கேபிளை எல்எஃப்இ (படத்தில் பேஸுக்கென்று வரும் தனி டிராக்) என்று எழுதிய துளையில் சொருகுங்கள். கிராஸ்ஓவர் நாப், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் நாப், இருந்தால் அதிக ஹெர்ட்ஸ் பக்கம் கடைசி வரை திருகிவிடுங்கள். அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். ஃபேஸ் (சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் சுவிட்ச்) 0. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் நாப் பாதிக்குக் கொஞ்சம் கீழே.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வையுங்கள், அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும். ஆளுயர டவர் ஸ்பீக்கராக இருந்தாலும் ஸ்மால்தான். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் மோடில் 'எல்எஃப்இ' மட்டும் போதும். 'எல்எஃப்இ + மெயின்' போட்டால் ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழம்பும்.

ஆட்டோ கேலிப்ரேஷன்: இங்கேதான் எல்லோரும் சிக்குவது

ரிசீவரே டோன் விட்டு, கூட வந்த மைக்கால் கேட்டு, லெவலைத் தானே வைத்துக்கொள்வதுதான் இது. அந்த மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், சோபா முதுகின் மேலும் வைக்காதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள். மைக்கில் படும் காற்று பேஸ் மாதிரியே பதிவாகும். குக்கர் விசில் அடங்கட்டும், பக்கத்து சைட்டில் டிரில்லிங் ஓய்கிற நேரமாகப் பாருங்கள். இந்த ஊரில் அதற்கு ஞாயிறு காலைதான்.

முடிந்ததும் மெனுவில் சப்வூஃபர் லெவல் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் மைனஸ் 12 டெசிபெல்தான் அடிமட்டம். அங்கே மைனஸ் 12 என்று இருந்தால் கேலிப்ரேஷன் ஒழுங்காக முடிந்தது என்று நம்பாதீர்கள். பெட்டியின் நாப், ரிசீவரின் லெவல் இரண்டும் ஒரே குழாயில் உள்ள இரண்டு திருகு மாதிரி. பெட்டியில் அளவுக்கு மேல் திறந்து வைத்திருந்தால், ரிசீவர் தன் பங்கை மூடிக்கொண்டே போய்க் கடைசியில் முட்டி நிற்கும். உண்மையில் தேவைப்பட்டது மைனஸ் 18 ஆகக்கூட இருக்கலாம். அதற்குக் கீழே போக அதற்கு வழியில்லை. விளைவு, படம் முழுக்க பேஸ் தூக்கல்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு மெலிந்துவிட்டால், 'ஆட்டோ' பவரில் இருக்கும் சப்வூஃபர் அமைதியான காட்சிகளில் தூங்கிவிடும். எதிர்ப்பக்கம் பிளஸ் 10, பிளஸ் 12 என்று வந்தாலும் ஆபத்துதான். உரத்த காட்சியில் ரிசீவரின் அவுட்புட்டே கிழியும்.

ஆகவே மைனஸ் 12 வந்தால் கெயின் நாப்பைக் கொஞ்சம் குறைத்து, பிளஸ் பக்கம் போனால் கூட்டி, மைக் வைக்கும் முதல் இடத்தை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். 0 முதல் மைனஸ் 8க்குள் எங்கே வந்தாலும் சரி. எனக்கு மைனஸ் 5 பக்கம் பிடிக்கும். கிடைத்ததும் முழு கேலிப்ரேஷனையும் ஓட்டிவிட்டு, நாப் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அதன்பின் அந்த நாப்பை யாரும் தொடக்கூடாது. கூட்டுவது குறைப்பது எல்லாம் ரிசீவரில்தான்.

மைக் வராத ரிசீவர் என்றால்

டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் உட்காரும் இடத்தில் 75 டெசிபெல்லுக்கு வையுங்கள், கடைசியில் சப்வூஃபரை. சத்தம் அளக்கும் மீட்டர் 'சி' வெயிட்டிங்கிலும் (எந்த ஹெர்ட்ஸை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற செட்டிங்) 'ஸ்லோ'விலும் இருக்க வேண்டும். 'ஏ'யில் வைத்தால் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபெல் குறைத்துக் காட்டும். 'சி'யில் அந்தக் குறைவு ஒன்றரை டெசிபெல்கூட இல்லை. 'ஏ'யை நம்பி லெவலை ஏற்றினால் கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார்.

போன் ஆப் எனக்கு உடன்பாடில்லை. பல போன்களின் மைக் பேஸைச் சரியாகப் பிடிப்பதில்லை. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் 'சி' உள்ள சாதாரண மீட்டர் ஒன்றைத் தேடி வாங்குங்கள். இந்தப் பைத்தியம் முற்றியவர்களுக்கு யூமிக்-1 என்ற யூஎஸ்பி அளவை மைக், லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவை மென்பொருள்.

ருசிக்கு

அளவுப்படி வைத்தால் பலருக்கு பேஸ் சப்பென்று இருக்கும். ரிசீவரில் 2 முதல் 4 டெசிபெல் கூட்டுங்கள், தப்பில்லை. பிறகு ஆண் குரலில் செய்தி வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். குரல் டிவியை விட்டுவிட்டு சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வருவது போலிருந்தால் அதிகம். ஃபேஸ் சுவிட்சை ஒருவர் 0, 180 என்று மாற்ற, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து கேளுங்கள். எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

இரவு பத்துக்கு மேல் வால்யூமைக் குறைத்தாலும் கீழே அதிர்கிறதா? ரிசீவரில் 'டைனமிக் ஈக்யூ' இருந்தால் அணையுங்கள். வால்யூம் குறையக் குறைய பேஸை ஏற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த இரண்டு சிக்கல்கள். ஒன்று, விடாமல் "ம்ம்ம்" என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல். டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் வில்லன் அந்த வழியாகத்தான் வருகிறான். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள்.

இரண்டு, "எல்லாம் செய்தேன், ஓடிடி படத்தில் பேஸே இல்லை." ரிசீவர் டிஸ்ப்ளேயில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீரியோ என்றால் டிவியின் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்'மில் (டிவியே ஒலியைப் பிரித்து, பெரும்பாலும் இரண்டு சேனலாக அனுப்பும் முறை) இருக்க வாய்ப்பு அதிகம். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ'வுக்கு மாற்றுங்கள். 5.1இல் உள்ள அந்த .1தான் எல்எஃப்இ என்ற தனி டிராக். ஸ்டீரியோவில் அது வரவே வராது. பழைய மோனோ படங்களில் அது முதலிலிருந்தே கிடையாது, ஆனால் ஸ்பீக்கர் ஸ்மாலில் இருந்தால் தவிலும் மிருதங்கமும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் அளவுக்கு சப்வூஃபருக்கு வந்துசேரும்.