முதல் வரி மூன்றாம் பத்தியில் கிடைத்தது

போன தை மாதம் நெல் கொள்முதல் நிலையம் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளாகியும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கதைக்கும் இது பொருந்தும்.

படி 1: தொடக்கத்தை மறந்துவிட்டு முழுவதையும் எழுதி முடியுங்கள். கோடு போட்ட நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு. போனில் எழுதினால் விரல் உடனே அழிக்கப் போய்விடும். அடித்த வரியும் கண்ணில் பட வேண்டும், பின்னால் தேவைப்படும்.

படி 2: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். என் முதல் பத்தி இப்படி இருந்தது: "தமிழகத்தின் நெற்களஞ்சியமான தஞ்சையில், கரிகாலன் கட்டிய கல்லணை தொட்டு..." தப்பான வரி இல்லை. ஆனால் டெல்டாவைப் பற்றி யார் எழுதினாலும் இதைப் போடலாம். நான் சொல்ல வந்த ஆளும் நெல்லும் அதில் இல்லை.

ஒவ்வொரு பத்தியிலும் உங்களைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வரி எது என்று தேடி அடிக்கோடிடுங்கள். எனக்கு அது மூன்றாம் பத்தியில் இருந்தது:

"ஈரப்பதம் 21 என்று கருவி காட்டியதும், அப்பா ஒன்றும் பேசாமல் சாக்கைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்."

அதையே மேலே கொண்டுபோய்க் கட்டுரையின் முதல் வரியாக்கினேன். 21 வந்தால் என்ன என்று படிப்பவர் கேட்பார். அடுத்த வரியில் பதில் வைத்தேன்: அரசுக் கொள்முதலில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். அறுவடை நேரத்து மழை பற்றிய இரண்டாம் பத்தி கீழே இறங்கியது. கல்லணைப் பத்தியை முழுசாக எடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் படித்து எழுதியது அது, எடுக்க மனசே வரவில்லை. ஆனால் எடுத்த பிறகுதான் கட்டுரை நகர்ந்தது.

குறளோடு தொடங்குவது எனக்குப் பிடிக்காது. குறள் முடிவையே சொல்லிவிடும், அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

படி 3: முதல் வரியை மட்டும் வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டி நிறுத்துங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் சரி. அம்மா கேட்டார்.

பிறகு சேர்த்தது: மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதைக் கதைக்குச் செய்து பார்த்தார். "வாய்க்காலில் தண்ணீர் வந்தது" என்பதுதான் அவருக்குக் கிடைத்த வரி. யாருடைய வாய்க்கால், எப்போது வந்தது என்று கேட்டேன். மாற்றி எழுதினார்: "மேட்டூர் திறந்து இருபதாம் நாள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. அதற்குள் நாற்றங்காலில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது."

வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்பது அவருடைய அடுத்த சந்தேகம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும் என்ற விவரம் ஒரே வரியாக, மாட்டுக்குப் பின்னால் வரட்டும் என்றேன். மாடு யாருடையது என்பதை இரண்டாம் பக்கம் வரை சொல்லப் போவதில்லையாம்.