துணிச்சல் இருக்கட்டும், சிட்டை எங்கே?

சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வரவேண்டிய பணத்தைக் கூச்சப்படாமல் கேட்பீர்களா?" பெரும்பாலும் சிரிப்பார்கள். துணிச்சல், விடாமுயற்சி, புதிய யோசனை என்று பதில்களைத் தயாராக வைத்திருப்பார்கள். இது அவர்கள் எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

நான் சிறு தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஒருவருடைய குணம் எனக்கு அவர் பேச்சைவிட, அன்றன்றைக்கு எழுதும் சிட்டையிலும் ஆள்வாரியாகக் கணக்கு வைக்கும் பேரேட்டிலும்தான் நன்றாகத் தெரியும். துணிச்சல் போதாமல் தொழிலை மூடியவர்கள் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை. கேட்கக் கூச்சப்பட்டு மூடியவர்கள் நிறையப் பேர்.

1494இல் வெனிஸில் அச்சான ஒரு கணித நூலில் லூக்கா பச்சோலி என்ற துறவி இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று இரண்டு இடத்தில் எழுதும் முறையை, விளக்கி எழுதினார். நன்றாக வியாபாரம் செய்ய மூன்று வேண்டும் என்கிறார் அவர். கையில் பணம் அல்லது அதற்கு ஈடாக நாலு பேர் கடன் தரும் அளவு நாணயம், கணக்கில் கெட்டிக்காரத்தனம், எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம். ஐந்து நூற்றாண்டு கழித்தும் அந்தப் பட்டியலில் நான் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. சேர்ப்பதற்குத்தான் ஒன்றிரண்டு உண்டு.

எண்ணைப் பார்க்கும் மனசு

தொழில் நன்றாக ஓடும்போது எல்லோரும் கணக்கைப் பார்ப்பார்கள். சரியாக ஓடாத மாதத்தில் நோட்டைத் திறக்கிறாரா என்பதில்தான் ஆள் தெரிவார். இது உங்களிடம் இருக்கிறதா என்று முதல் போடும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதம் வீட்டுச் செலவை அன்றன்றைக்கே எழுதுங்கள். பாதியில் விட்டுவிட்டால் பரவாயில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதுகிற ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். எல்லாக் குணமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தினமும் கடை அடைக்கும்போது மூன்று எண்களை எழுதுங்கள்: கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது. பின்னிரண்டுக்கும் பக்கத்தில் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதிகளை வைத்து அடுத்த 13 வாரங்களுக்கு, அதாவது ஒரு காலாண்டுக்கு, வாரம் ஒரு வரி போட்டுப் பாருங்கள். எந்த வாரத்தில் கையிருப்பு வற்றப் போகிறது என்பது முன்கூட்டியே கண்ணில் படும். அப்போது கேட்டால் கடனோ அவகாசமோ கிடைக்க வழி உண்டு. வற்றிய பிறகு கேட்டால் எதிராளி உங்கள் முகத்தைப் பார்த்தே விலை பேசுவார்.

லாபம் வருகிறதே, பிறகு எப்படி வற்றும்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கிய சரக்கு 30 நாள் அடுக்கில் கிடக்கிறது. விற்றபின் வாடிக்கையாளர் 45 நாள் கழித்துப் பணம் தருகிறார். உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவரோ 15 நாள்தான் பொறுப்பார். முப்பதும் நாற்பத்தைந்தும் எழுபத்தைந்து; அதில் 15 போக 60. ஆக, 60 நாள் வியாபாரத்துக்கான முதல் எப்போதும் வெளியே மாட்டிக் கிடக்கும். வியாபாரம் இரண்டு மடங்கானால் மாட்டிக் கிடப்பதும் இரண்டு மடங்கு. பெரிய ஆர்டர் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அடுத்த மாதமே சம்பளம் போட முடியாமல் நிற்பது இதனால்தான்.

கேட்கும் வாய்

வசூல் என்பது கடைசி நாளில் தொடங்கும் வேலை அல்ல. எத்தனை நாளில் பணம் என்பதைச் சரக்கு போகும் முன் பேசி, பில்லிலேயே எழுதுங்கள். பில் அன்றைக்கே போகட்டும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இலவச அவகாசம். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு போன்: "பில் கையில் இருக்கிறதா, தொகையில் ஏதும் சந்தேகம் உண்டா?" இதில் சண்டை எதுவும் இல்லை. கெடு தாண்டிய பின் அடுத்த சரக்கை நிறுத்துங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பணத்தை நீங்கள் கேட்பதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

விலை சொல்லும்போதும் இதே வாய்தான் தடுமாறும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 100க்கு வாங்கி 125க்கு விற்றால், வாங்கிய விலைமேல் 25 சதவீதம் வைத்திருக்கிறீர்கள். ஆனால் விற்ற விலையில் லாபம் 20 சதவீதம்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தள்ளுபடி கொடுப்பவர்கள் கொஞ்சம் அல்ல.

80 அடக்கமாகும் பொருளை 100க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் கேட்பவருக்குச் சின்ன விஷயம். உங்களுக்கு 20ஆக இருந்த லாபம் 10ஆகிவிடுகிறது. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். அதே பத்து சதவீதம் விலை ஏற்றினால் லாபம் 30. விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் மொத்த லாபம் குறையாது. எல்லாத் தொழிலிலும் விலை ஏற்ற முடியாது, சரி. ஆனால் இந்தக் கணக்குப் போடாமல் இறக்கவும் கூடாது.

அடக்கவிலையில் உங்கள் சம்பளத்தையும் சேருங்கள். "நானே முதலாளி, எனக்கென்ன சம்பளம்" என்கிறவர் தன் உழைப்பை வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுக்கிறார். பிறகு ஆள் வைக்கும் நிலை வரும்போது அந்த விலை கட்டுப்படியாகாது.

வாடகை, சம்பளம் என்று மாதச் செலவு 30,000. ஒரு பொருள் 100க்குப் போகிறது, அதன் நேரடிச் செலவு 60. மிஞ்சுவது 40. 30,000ஐ 40ஆல் வகுத்தால் 750. மாதம் 25 நாள் கடை திறந்தால் நாளுக்கு 30 விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. ஐம்பது பக்கத் திட்ட அறிக்கையைவிட இந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கும். நாளுக்கு 30 முடியுமா என்று கேட்டால் யாரும் மழுப்ப முடியாது.

வேண்டாம் என்று சொல்வது

விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்தால், பெயருக்கு நீங்கள் முதலாளி. நடைமுறையில் அவருடைய சம்பள ஆள், அதுவும் விடுப்பு இல்லாத ஆள். அவரை விரட்டச் சொல்லவில்லை. அவர் கேட்கும் அடுத்த சலுகைக்குத் தலையாட்டும் முன் வேறு இரண்டு பேரைத் தேடுங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு வாரம் படுத்துவிட்டால் கடை திறக்குமா? சரக்கு யாரிடம் வாங்குவது, யாருக்கு எவ்வளவு பாக்கி, கடவுச்சொல் எங்கே என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் திறக்காது. ஒரு நோட்டில் எழுதி, நம்பிக்கையான ஒருவருக்கு இடத்தைக் காட்டிவையுங்கள்.

கடைசியாக, தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுத வேண்டியது: எவ்வளவு வரை போட்டுப் பார்ப்பேன், எந்தத் தேதி வரை பார்ப்பேன். உள்ளே இறங்கிய பிறகு, போட்டதை எடுக்க இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும்; போட்ட தொகை பெரிதாக ஆக அந்த ஆசையும் பெரிதாகும். அதனால் எழுதிய தாளை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் முகத்துக்கு நேராகப் பேசக்கூடிய ஒருவர் வீட்டிலோ நட்பிலோ இருப்பார், அவரிடம் கொடுங்கள். தேதி வந்ததும் பேரேட்டோடு உட்காருங்கள், தாளை அவர் படிக்கட்டும்.